கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவு

சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்: தேயிலைச் சரிவின் மேல் கட்டடம் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த மாடத்தில். கையில் தேநீர், எதிரே மடிப்பு மடிப்பாகப் பச்சை, காலுக்குக் கீழே சரிந்து இறங்கும் மலை. கேமரன் மலையின் போ தேயிலை நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தது இசட்எல்ஜி டிசைன் என்ற மலேசியக் கட்டடக்கலை நிறுவனம். இதழ்களிலும் விருதுப் பட்டியல்களிலும் வருவது அவர்கள் பெயர்தான். அந்த உருவத்தை முதலில் மனத்தில் கண்டவர்கள் அவர்கள், ஆகவே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலையில் ஒரு கட்டடம் நிற்க, அதை மனத்தில் கண்டவர் மட்டும் போதாது. அவரைச் சுற்றி ஏழெட்டுத் துறைக்காரர்கள் வேலை செய்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு அவர்கள் பெயர் தெரிய வேண்டிய அவசியமில்லை. கட்டச் சொல்கிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்க மலேசியாவில் எளிய வழி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு கட்டடம் குடிபுகத் தகுதியானது என்று சான்றிதழ் கொடுத்தது உள்ளூராட்சி மன்றம். 2007 ஏப்ரல் 12 முதல் அந்தப் பொறுப்பு தொழில் வல்லுநர்களிடம் வந்துவிட்டது. சிசிசி என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் அந்த நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திடுபவர், திட்டத்தை மன்றத்தில் சமர்ப்பித்த முதன்மைப் பொறுப்பாளர். அவர் கட்டடக்கலைஞராக இருக்கலாம், பொறியாளராக இருக்கலாம், சிறிய கட்டடமானால் பதிவுபெற்ற வரைவாளராகவும் இருக்கலாம். ஆனால் அவர் நினைத்தவுடன் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. ஜி1 முதல் ஜி21 வரை 21 படிவங்கள் அவர் மேசைக்கு வந்து சேர வேண்டும். ஜி1 மண்வேலை, ஜி2 நிலத்தில் கட்டடத்தை அளந்து குறித்தல், ஜி3 அடித்தளம், ஜி4 கட்டமைப்பு என்று தொடங்கி, குழாய், கழிவுநீர், மின்சாரம், தீயணைப்பு, காற்றோட்டம், மின்தூக்கி, சாலை, வடிகால் எல்லாம் கடந்து ஜி21 நிலத்தோற்றத்தில் முடிகிறது. அந்தந்த வேலையைச் செய்த குத்தகையாளர் ஒரு கையெழுத்து, அதை மேற்பார்த்த வல்லுநர் ஒரு கையெழுத்து. கட்டடத்துக்குத் தேவையில்லாத படிவங்கள் கழிந்துபோகும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மின்தூக்கிக்கு யார் பொறுப்பேற்பது?

அந்த வரிசை மண்ணில் தொடங்குகிறது. நடைமுறையில் திட்டங்கள் அப்படித் தொடங்குவதில்லை. முதலாளி முதலில் அழைப்பது கட்டடக்கலைஞரை. அழகான படம் வருகிறது, மனம் நிறைகிறது, பிறகு கட்டமைப்புப் பொறியாளர் வருகிறார், செலவுக் கணக்கு போடப்படுகிறது. "மண்ணையும் ஒருமுறை பார்த்துவிடலாமே" என்ற பேச்சு அதற்கெல்லாம் பிறகு எழுகிறது. சமவெளியில் இந்த வரிசை பெரும்பாலும் பணத்தைத்தான் விரயமாக்கும். மலையில் அதன் விலை வேறு.

கேமரன் மலை நிற்பது தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் மேல். ஆனால் கட்டடம் நிற்பது கருங்கல் மேல் அல்ல. வெப்பமண்டல மழை பல லட்சம் ஆண்டுகளாக அந்தப் பாறையை மேலிருந்து அரித்துத் தின்றிருக்கிறது. பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறிவிட, குவார்ட்ஸ் மட்டும் மணலாக எஞ்சிய செம்மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. இந்த அரிப்பு சீராக நடப்பதும் இல்லை. பாறையின் வெடிப்புகள் வழியே தண்ணீர் இறங்கி ஓரங்களைக் கரைக்கும், நடுவிலுள்ள துண்டுகள் கரையாமல் உருண்டைக் கற்களாக மண்ணுக்குள் மிதக்கும். சில கற்கள் ஒரு வேன் அளவுக்குப் பெரியவை. புதிதாக வெட்டிய சாலையோரச் சரிவுகளில் அவை துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

துளையிட்டு மண்ணைப் பரிசோதிப்பவருக்கு இதுதான் பெரிய தொல்லை. வழக்கமான சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் ஒன்றை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழ விடுகிறார்கள். மாதிரிக் குழாய் மண்ணுக்குள் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்பதே அந்த ஆழத்தில் மண்ணின் வலிமைக்கு அளவுகோல். ஐம்பது அடி அடித்தும் இறங்கவில்லை என்றால் கெட்டித் தரை வந்துவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் வந்தது தாய்ப்பாறையா, மண்ணில் மிதக்கும் உருண்டைக் கல்லா? எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாறைக்குள் மேலும் சில மீட்டர் குடைந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு துளை போட வேண்டும், அந்த மலையின் நிலவியலை அறிந்தவர் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். துளையிடும் நிறுவனம் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணுக்குப் பொருள் சொல்வது ஜியோடெக் என்று வேலையிடங்களில் அழைக்கப்படும் மண்பொறியாளரின் வேலை. இந்த இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, துளையறிக்கையை நேராகக் கட்டமைப்புப் பொறியாளரிடம் நீட்டிவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. மிதக்கும் கல்லின் மேல் கடைக்கால் போடுவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. இந்தச் செம்மண் சரிவுகள் பல, கணக்குப்படி பார்த்தால் நிற்கவே கூடாத செங்குத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. மண் துகள்களுக்கு இடையே கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும்போது, நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கோபுரம் கட்ட முடிவது இதனால்தான். உலர்ந்த மணலில் அது முடியாது, முழுக்க நனைந்த மணலிலும் முடியாது. மலைச்சரிவில் மழைநீர் இறங்கி இடைவெளிகளை நிரப்பும்போது இந்தப் பிடி தளர்கிறது. நாள் கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு, நாற்பது ஆண்டு அசையாமல் நின்ற சரிவு ஒரு நிமிடத்தில் இறங்குவது இப்படித்தான். "இத்தனை வருஷம் நின்ற மண்தானே" என்ற வாதம் மலையில் செல்லாது.

ஆகவே மண்பொறியாளரின் உண்மையான கேள்வி மண்ணைப் பற்றியதைவிடத் தண்ணீரைப் பற்றியது. மழை எங்கே விழுகிறது, எங்கே உள்ளே இறங்குகிறது, எந்த வழியில் வெளியே வருகிறது? சரிவைச் சுமார் ஆறு மீட்டருக்கு ஒரு படியாக வெட்டுவதும், படிதோறும் வடிகால் வைப்பதும், சரிவுக்குள் கிடைக்குழாய் செருகி உள்நீரை வெளியே இழுப்பதும், இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் ஆணியாக அறைவதும் இந்தக் கேள்விக்கான விடைகள். மலேசியாவில் 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலம் மூன்றாம் வகை, 35 பாகைக்கு மேல் நான்காம் வகை என்று பிரித்து, அங்கே கட்ட முனைவோருக்குக் கூடுதல் நிபந்தனைகள் வைக்கிறார்கள். வடிவமைப்பில் கைவைக்காத இன்னொரு பொறியாளர் மண்பொறியியல் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. தன் கணக்கைத் தானே திருத்தும் மாணவனை நாம் நம்புவதில்லை அல்லவா?

இந்த நிபந்தனைகள் சும்மா வரவில்லை. 1993 டிசம்பர் 11 அன்று, சிலாங்கூரின் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற மூன்று கட்டடத் தொகுதியில் முதல் கட்டடம் சாய்ந்து விழுந்தது. பன்னிரண்டு மாடி. 48 பேர் இறந்தார்கள். விழுந்த கட்டடத்தில் தூணோ உத்தரமோ முதலில் முறியவில்லை. பின்னாலிருந்த மலைச்சரிவுதான் இறங்கியது. சரிவிலிருந்த தாங்குசுவர்கள் பலவீனமானவை. மேட்டிலிருந்து வந்த ஓடை குழாய் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது, வடிகால்கள் போதவில்லை, சரிவின் மேல்பகுதியில் மரங்கள் அழிக்கப்பட்டிருந்தன. நனைந்து தளர்ந்த மண் படிப்படியாகச் சரிந்து அடித்தளத்தை முன்னோக்கித் தள்ளியது. அந்த அடித்தளம் பழைய இரயில் தண்டவாளங்களை ஊன்றிப் போட்டது. மேலிருந்து வரும் எடையைத் தாங்குவதில் அதற்குக் குறைவில்லை, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வலு அதற்கு இல்லை.

மற்ற இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் போட்ட வழக்கில் 2000-இல் உயர் நீதிமன்றம் பழியைச் சதவீதமாகப் பங்கு போட்டது. மேம்பாட்டாளருக்கு 15, கட்டடக்கலைஞராகச் செயல்பட்டவருக்கு 10, பொறியாளருக்கு 10, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15, பின்புற நிலத்தை வைத்திருந்த நிதி நிறுவனத்துக்கு 30, மேலே நிலத்தைச் சுத்தம் செய்தவர்களுக்கு 20. நகராண்மைக் கழகத்தின் பொறுப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் நீக்கிவிட்டது. அந்தக் கட்டடங்களுக்குக் கட்டடக்கலைஞராக நின்றவர் உண்மையில் பதிவுபெற்ற வரைவாளர், அந்த உயரத்தில் கட்டடம் வடிவமைக்கும் தகுதி அவருக்கு இல்லை. பொறியாளரின் வாதம்தான் நம் கட்டுரைக்கு முக்கியம். சுவர்களும் வடிகாலும் என் பொறுப்பில் இல்லை, அவற்றை வேறொருவர் பார்த்தார், நான் கட்டடத்தைத்தான் வடிவமைத்தேன் என்ற வகையில் அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டடத்தைத் தாக்கக்கூடிய சரிவு பக்கத்து நிலத்தில் இருந்தாலும், அது நிற்குமா என்று பார்க்க வேண்டியது கட்டடத்தை வடிவமைப்பவரின் கடமை என்றது.

என்னைக் கேட்டால், வல்லுநர்களைப் பற்றி எழுதப்படும் எல்லாப் பாடநூல் பட்டியல்களையும்விட அந்தத் தீர்ப்பு அதிகம் சொல்லித் தருகிறது. அங்கே ஆள் பற்றாக்குறை இல்லை. வரைந்தவர் இருந்தார், கணக்கிட்டவர் இருந்தார், அனுமதித்தவர் இருந்தார். ஒவ்வொருவரும் தன் வேலைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள், எல்லோருடைய கோட்டுக்கும் வெளியே அந்தச் சரிவு கிடந்தது. வல்லுநர்கள் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மழைநீர்க் குழாயைக் கூரையிலிருந்து தரைவரை கொண்டுவருவது ஒருவர், தரையிலிருந்து வாய்க்காலுக்குக் கொண்டுபோவது இன்னொருவர், வாய்க்கால் சரிவில் போய் விழும் இடத்துக்கு மூன்றாமவர். முதலாமவரின் படத்தில் ஓர் அம்புக்குறி 'வெளிவடிகாலுக்கு' என்று காட்டும். மூன்றாமவர் படத்தில் அந்த அம்பு வந்து சேருகிறதா என்று இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். கட்டடக்கலைஞரின் மிகப்பெரிய வேலை அதுதான் என்பேன். முகப்பை வரைவதைவிடப் பெரியது, ஆனால் எந்த விருதும் அதற்குக் கிடைப்பதில்லை.

சரி, மண் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீட்டி நிற்கும் மாடத்துக்கு வருவோம். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட உத்தரம் தன் நீளத்தை மன்னிப்பதில்லை. அதே உத்தரத்தை இரண்டு மடங்கு நீட்டினால், பரவலான எடைக்குப் பிடிமுனையில் வளைக்கும் விசை நான்கு மடங்காகும், நுனி தாழ்வது பதினாறு மடங்காகும். படத்தில் இன்னும் ஒரு மீட்டர் நீட்டலாமே என்று கட்டடக்கலைஞர் பென்சிலை நகர்த்துவது ஒரு நொடி வேலை. கட்டமைப்புப் பொறியாளருக்கு அது வேறு உத்தரம், அதைப் பின்னால் பிடித்திருக்க வேறு எடை, கீழே வேறு அடித்தளம். கூட்டம் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் அரை டன் எடை என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அதைத் தாங்கிவிட்டால் மட்டும் போதாது. மனிதன் நடக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறான். தளத்தின் இயல்பான அதிர்வும் அதற்கு அருகில் இருந்தால், இடிந்து விழாவிட்டாலும் ஆடும். ஆடும் தளத்தில் யாரும் நிம்மதியாகத் தேநீர் குடிக்க மாட்டார்கள். லண்டனில் 2000 ஜூன் 10 அன்று திறந்த மில்லெனியம் பாலம் கூட்டத்தின் நடையிலேயே பக்கவாட்டில் ஆடி, இரண்டு நாளில் மூடப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனமும் அரூப் நிறுவனமும். உலகின் மிகத் திறமையான கட்டடக்கலை, பொறியியல் கூட்டணிகளில் ஒன்று. அதிர்வைத் தின்னும் கருவிகளைப் பொருத்தி 2002-இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

தோட்டத்தில் பார்வையாளர் மையத்தைவிடப் பழைய, முக்கியமான கட்டடம் ஒன்று இருக்கிறது: தொழிற்சாலை. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். வெள்ளீயமும் ரப்பரும் தெரிந்த முதலாளி, தேயிலை தெரிந்தவரைத் தேடிப் பிடித்தார். இந்தத் துறையின் நெடிய அனுபவம் தேயிலைத் தொழிற்சாலையின் உருவத்திலேயே படிந்திருக்கிறது. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ இலையிலிருந்து சுமார் இருபத்திரண்டு கிலோ தேயிலைதான் கிடைக்கும். அதாவது அந்தக் கட்டடம் நாள் முழுவதும் செய்யும் வேலை, டன் கணக்கில் தண்ணீரைக் காற்றில் ஏற்றி அனுப்புவது. இலை வாடும் மாடிக்கு எவ்வளவு காற்று, எந்த ஈரப்பதத்தில், எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்று முடிவாகிய பிறகே சன்னல் எங்கே என்ற கேள்வி வருகிறது. இலங்கை மலையகத்தின் பழைய தொழிற்சாலைகளில் மேல் மாடிகள் முழுக்க வரிசை வரிசையாகச் சன்னல் இருப்பது அழகுக்காக வைத்ததல்ல. கீழே உருட்டும் எந்திரங்களின் அதிர்வு, புளிக்க வைக்கும் அறையின் குளுமை, உலர்த்தும் அடுப்பின் வெப்பம், எங்கும் படியும் பஞ்சுபோன்ற தேயிலைத் தூசு தீப்பிடிக்கும் அபாயம் என்று ஒவ்வொன்றும் ஒரு சுவரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே முதலில் வரைபவர் செயல்முறைப் பொறியாளர். கட்டடக்கலைஞர் அவர் கோட்டைச் சுற்றிக் கட்டுகிறார்.

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தொழிற்சாலை 1990-களில் விடுதியாக மாறியது. இலை வாடிய மாடிகளில் இன்று படுக்கையறைகள். இப்படிப்பட்ட மாற்றத்தில் பழைய கட்டடத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இலையைப் பரப்பி வைக்கப் போட்ட தளம், குளியலறையும் நீர்த்தொட்டியும் சுவர்களும் தாங்குமா? பூட்டிய அறைகளில் தூங்குகிறவர்கள் தீப்பிடித்தால் எந்தப் படியால் இறங்குவார்கள்? பழைய கட்டடத்தைக் காப்பாற்றும் ஆசை உள்ளவர்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தீயணைப்பு வல்லுநரின் சலிப்பூட்டும் படிக்கட்டுக் கணக்குதான் அந்தத் தோற்றத்துக்கு ஆயுள் கொடுக்கிறது.

அளவு மதிப்பீட்டாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவான்டிட்டி சர்வேயர் என்ற இந்தத் தொழில் பிரிட்டிஷ் மரபு ஊன்றிய நாடுகளில் வலுவாக இருக்கிறது. கம்பி எத்தனை டன், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று எண்ணி விலை போடுபவர். பணம் குறைந்தால் எதை வெட்டலாம் என்று முதலில் கேட்கப்படுபவரும் அவர்தான். வெட்டு விழும் இடங்களில் மண்ணுக்கடியில் மறைந்துபோகும் வேலைகள் முன்னணியில் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு துளையைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது, முகப்புக் கண்ணாடியைக் குறைத்தால் திறப்பு விழாவிலேயே தெரிந்துவிடும்.

வல்லுநர் சொன்னால் போதுமா என்பது வேறு கேள்வி. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் எனப்படும் வரிசை வீடுகளை மூடியது. இறந்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மண்ணைப் படித்தவர் தன் வேலையைச் செய்திருந்தார். அந்த அறிக்கையைப் படித்து வேறு இடத்தில் வீடு கட்ட வேண்டியவர்கள் யாருமே அந்த லயங்களின் 'கட்டடக்கலைஞர்' அல்ல. லயங்களுக்கு அப்படி ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. சுற்றுலாப் பயணி அரை மணி நேரம் நிற்கும் மாடத்துக்கு ஏழெட்டுத் துறை வல்லுநர்கள் இருக்கும்போது, ஒரு குடும்பம் மூன்று தலைமுறை வாழும் வரிசை வீட்டுக்கு ஒருவர்கூட இல்லாதது எந்தக் கணக்கிலும் சேராது.

கேமரன் மலையிலும் சரிவும் சேறும் புதிதல்ல. 2014 நவம்பரில் ரிங்லெட்டிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மேட்டில் காடு வெட்டிப் போட்ட காய்கறித் தோட்டங்களின் மண் பல ஆண்டுகளாக ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் வந்து படிகிறது. தேயிலை மூடிய சரிவுகள் அந்த அளவுக்கு மண்ணை விடுவதில்லை. செடி தரையை மூடியிருக்கிறது. சரிவின் குறுக்கே கான் எனப்படும் வாய்க்கால் வெட்டி நீரை நிதானமாக நடத்திச் செல்லும் வழக்கமும் தேயிலைத் தோட்டங்களோடு வந்தது. அந்தக் கான்களை வெட்டியதும் தூர்வாரியதும் சம்பளப் பதிவேட்டில் மட்டும் பெயருள்ள தொழிலாளர்கள்.

இன்று ஒரு மலைக் கட்டடத்துக்குத் தேவையான படிவங்களெல்லாம் வந்து, சான்றிதழும் கிடைத்து, வல்லுநர்கள் எல்லோரும் அடுத்த திட்டத்துக்குப் போன பிறகு, சரிவில் செருகிய கிடைக்குழாய்கள் மெல்ல மெல்ல மண்ணாலும் வேராலும் அடைபடத் தொடங்கும். படிவடிகால்களில் சருகு சேரும். கான்கிரீட்டில் விரல் நுழையும் வெடிப்பு ஒன்று விழும், அதன் வழியே மழை உள்ளே இறங்கும். மண்பொறியாளரின் கணக்கு, அந்தக் குழாய்கள் நீரை வெளியே விடுகின்றன என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. அதை ஆண்டுதோறும் சோதிக்க யாரை அமர்த்துவது, யார் சம்பளம் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அதிகம் பேர் இல்லை. பருவமழை தொடங்கும் முன் சரிவை நடந்து பார்த்து, அடைந்த குழாயைக் குத்திவிட்டு, எந்தக் குழாயில் நீர் வருகிறது, எதில் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கும் ஓர் ஆள்தான் அதற்குத் தேவை.